கௌசிகாவுக்கு எடுத்து வைத்த சுவரொட்டி

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னது எனக்குப் பெரிய உதவி, மேடம். தெலுங்கு பேசுவேன், போர்டு படிப்பேன், ஆனால் நாலு பக்கம் எழுது என்றால் கை ஓடாது. பத்தாவது வரை தமிழில்தான் படித்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று வாத்தியார் சொல்வார். மொழிபெயர்க்கிறவருக்குச் சிரமம் இருக்காது.

என் பெயர் பச்சையப்பன். வயது நாற்பத்தொன்பது. குடிபாலாவில், சித்தூர் போகிற ரோட்டின் மேல் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். என் நைனா, அதாவது அப்பா, வைத்த கடை. எங்கள் கடையில் ஆட்டை ஜனங்கள் கண் முன்னால்தான் அறுப்போம். அது நாலு காலில் நின்று தழை கடிப்பதைப் பார்த்த பிறகுதான் வாங்குகிறவர்கள் பாத்திரத்தை நீட்டுவார்கள். வேலூர் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பச்சையப்பன் கடைக் கறியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேச்சு காதில் விழும் நாளில் எனக்கு நடையே மாறிவிடும். கன்னிகா, என் வீட்டுக்காரி, அதற்காக என்னைக் கேலி செய்வாள்.

சுமித்ரா என் ஒரே தங்கை. கடைக்குப் பின்தெருவில் அவள் வீடு. அவள் மகள்தான் கௌசிகா. வயது இருபத்து நாலு. ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை செய்தாள். அங்கேயே வேலை பார்க்கிற தீனாவைக் கட்டிக்கொண்டாள். வைகாசியில் ஆண் குழந்தை பிறந்தது. தாய் வீட்டில் இருந்தாள். பையன் கொழுகொழுவென்று இருந்தான், இவள்தான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போயிருந்தாள். ரத்தம் ஏழு பாயிண்ட்தான் இருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளை பெற்றவளுக்கு ரத்தம் ஊற எங்கள் பக்கத்தில் சுவரொட்டி கொடுப்பார்கள். நீங்கள் மண்ணீரல் என்று ஏதோ காகிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதுதான். ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், உள்ளங்கை அளவு. அதைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவிட மாட்டார்கள், சத்து போய்விடும் என்பார்கள். தணலில் இரண்டு புரட்டுப் புரட்டி, உள்ளே சிவப்பு மாறுவதற்குள் எடுத்து, மிளகும் உப்பும் தூவிக் கொடுப்பார்கள். தாய்மாமன் கறிக்கடைக்காரனாக இருந்தால் அது அவன் கையிலிருந்துதான் வர வேண்டும். கேட்பதற்கு முன்பே வர வேண்டும்.

மூன்று ஞாயிறு நான் அனுப்பவில்லை. வாடிக்கைக்காரர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாலாவது வாரம் சுமித்ரா கடைக்கே வந்தாள். எட்டுப் பேர் நிற்கிறார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் ரத்தம் ஊற வெக்கிற அண்ணா. உன் தங்கச்சி பொண்ணு மட்டும் வெளுத்துக்கினு கெடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. வருகிற ஞாயிறு அறுக்கிற முதல் ஆட்டின் சுவரொட்டி கௌசிகாவுக்குத்தான் என்று அந்த எட்டுப் பேர் முன்னால் சொன்னேன்.

அது ஆடி மாதம். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிறு. பதினான்கு வீட்டில் கறிக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஏர்பேட்டிலிருந்து ஆடு ஏற்றி வருகிற வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டது, இன்றைக்கு வராது என்று விடிந்ததும் போன் வந்தது. என்ன செய்வது என்று கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது முனுசாமி வந்தார். ஏரி உள்வாயில் ஆடு மேய்க்கிறவர். மழை பெய்து புல் அப்போதுதான் தலை காட்டியிருந்தது. மொபெட்டின் முன்னால் ஒரு பெரிய கிடாவைப் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தார். அது நிற்கவில்லை. மூச்சு மேலும் கீழும் வாங்கிக்கொண்டிருந்தது.

"உசுரு இருக்குது அண்ணா. இருக்கும்போதே கத்தி வெச்சுடு. செத்ததுன்னு ஆவாது" என்றார்.

எங்கள் தொழிலில் அது ஒரு கோடு. கத்தி படும்போது உயிர் இருந்தால் அறுத்த கறி. இல்லாவிட்டால் செத்த கறி. இருபத்தைந்து வருடத்தில் நான் செத்த கறி விற்றது கிடையாது. அன்றைக்கும் விற்கவில்லை.

வேறு ஆடு ஏதாவது செத்ததா என்று அவரிடம் கேட்கவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். கேட்டேன். சனிக்கிழமை இரண்டு போய்விட்டது என்றார். பாவம், அவர் எதையும் மறைக்கவில்லை.

கடைக்குப் பின்னால் வைத்து அறுத்தேன். யாரும் வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டேன். எங்கள் கடையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. ரத்தத்தைச் சட்டியில் பிடிப்போம், பொரியலுக்குக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தோலை உரித்து முடிப்பதற்குள் சட்டியில் ரத்தம் கெட்டியாக உறைந்துவிடும். இந்த ரத்தம் உறையவில்லை. தார் மாதிரி கறுப்பாக, அதே சமயம் தண்ணியாக இருந்தது. சட்டியைச் சாய்த்தால் ஓடியது. மூக்கிலும் பின்பக்கத்திலும் கசிந்துகொண்டே இருந்தது.

ரத்தம் உறையாத ஆட்டின் தோலைக்கூட உரிக்கக் கூடாது, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்துவிட வேண்டும் என்று நைனா எனக்குச் சொல்லியிருக்கிறார். அடைப்பான் என்று அதற்குப் பேர். அது ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் சந்தேகம் வேறு, தெரிவது வேறு அல்லவா. ரத்தத்தைச் சாக்கடையில் ஊற்றி, நாலு வாளித் தண்ணீர் விட்டேன். பொரியலுக்குக் கேட்டவர்களிடம் நாய் சட்டியைக் கவிழ்த்துவிட்டது என்று சொன்னேன்.

கறி இல்லை என்று பதினான்கு பேரையும் திருப்பி அனுப்பியிருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுகிறேன். கூழ் ஊற்றுகிற நாளில், வாசலில் கூட்டத்தை நிறுத்தி வைத்து, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆடு வரவில்லை என்று சொன்னால் முனுசாமி மொபெட்டில் கொண்டு வந்ததை இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நோய் ஆடு என்று சொன்னால், அப்படியானால் ஏன் அறுத்தாய் என்பார்கள். நோய் ஆட்டுக்குக் கத்தி வைத்தவன் என்ற பேச்சு வந்தால் அதற்குப் பிறகு அந்தக் கடையில் நான் தலை நிமிர்ந்து நிற்க முடியாது. எனக்கு வெட்கமாக இருந்தது, மேடம். பயம் இல்லை. வெட்கம்தான்.

கறியை நன்றாகக் கழுவினேன். பதினான்கு வீட்டுக்கும் கொடுத்தேன். அவர்கள் எல்லோரும் குழம்பு வைத்து, குக்கரில் ஆறேழு விசில் விட்டுத்தான் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அன்று கறி சமைக்கவில்லை. உடம்பு சூடாக இருக்கிறது, சாம்பார் வை என்று கன்னிகாவிடம் நான்தான் சொன்னேன்.

காலை ஏழு மணிக்கே தீனா டிபன் பாக்ஸோடு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு மாமியார் வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல பையன். கௌசிகா கூப்பிடுவதைப் போலவே அவனும் என்னை மாமா என்பான். அவன் பாக்ஸில் சுவரொட்டியை வைத்தேன். சுமித்ரா நேரில் வரவில்லை, அதனால் போனிலும் சொன்னேன், ரொம்ப வேகவிடாதே, இரண்டு புரட்டு போதும் என்று. எல்லோருக்கும் சொல்கிற மாதிரி அவளுக்கும் சொன்னேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கௌசிகாவுக்கு வாந்தி. காய்ச்சலும் இருந்தது. பசி இல்லை என்று கூழைக்கூடத் தொடவில்லையாம். புதன்கிழமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கேஸ் டிரபிள், ஃபுட் பாய்சன் என்று சொல்லி பாட்டில் ஏற்றினார்கள்.

அதே புதன்கிழமை காலையில், நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், ரமணா என் கடைக்கு வந்திருந்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாளர். முனுசாமியின் ஆடுகள் மேலும் மூன்று செத்துப் போனதால் பார்க்க வந்தவர், டீ குடிக்க என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. திங்கட்கிழமை அரித்தது, செவ்வாய் நீர் கோத்தது, புதன்கிழமை நடுவில் கறுக்க ஆரம்பித்திருந்தது. வலி மட்டும் இல்லை. ரமணா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"தொம்ம ரோகம் அன்னா இது. தமிழ்ல அடைப்பான். எவரைனா தின்னாரா? யார்னா அந்தக் கறி துன்னிருந்தா இப்பவே சொல்லு. வயித்துக்குள்ள போச்சுன்னா குடலு புண்ணாயி ரத்தமா போகும். சீக்கிரம் ஊசி போட்டா பொழைக்கலாம்."

செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன்னால் தோல் உரிக்க முனுசாமிக்குக் கை கொடுத்தேன், வேறொன்றும் இல்லை, யாரும் சாப்பிடவில்லை என்று சொன்னேன். அவர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினார். அங்கேயும் அதே பதில்தான் சொன்னேன். பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து நேராக கௌசிகாவைப் பார்க்க சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நீங்கள் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆமாம். புதன்கிழமை பதினோரு மணிக்கு எனக்கு எல்லாம் தெரியும்.

வியாழக்கிழமை அவள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். காபித்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. பிள்ளை பெற்று இரண்டு மாதமான வயிறு, மறுபடி மாசமாக இருப்பது போல ஆகிவிட்டது. கழிவும் ரத்தமாகத்தான் போனது. சித்தூரில் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்டிருந்த கை. உன் கைக்கு என்ன மாமா என்று கேட்டாள். கத்தி பட்டுவிட்டது என்றேன். பார்த்து அறுக்கக் கூடாதா என்று சொல்லி அந்தக் கட்டைத் தடவிக் கொடுத்தாள். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

திருப்பதியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, கடைசி ஒரு வாரத்தில் என்ன என்ன சாப்பிட்டாள் என்று ஒவ்வொரு நாளாகக் கேட்டார். சுமித்ரா சொல்லிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி என்றதும் டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, அது நல்ல ஆடா, நோய் ஏதாவது இருந்ததா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுமித்ரா முந்திக்கொண்டாள்.

"எங்க அண்ணன் கடைதான் மேடம். அவரு செத்த ஆட்டைத் தொடவே மாட்டாரு. ஊரையே கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் சொன்னது பொய் இல்லையே என்று அப்போது தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடல்வால் வெடித்திருக்கும் என்று நினைத்தார்களாம். பெரிய டாக்டர் வெளியே வந்து தெலுங்கில் சொன்னார். சிறுகுடல் முடிகிற இடத்தில் வரிசையாகப் புண்கள், அந்த இடமெல்லாம் வீங்கிக் கறுத்திருக்கிறது, குடலைத் தாங்குகிற சவ்வில் நெறிக்கட்டிகள் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கின்றன, வயிறு முழுக்க நீர். இப்படி நான் பார்த்ததில்லை என்றார். நான் பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிடாவின் குடலை உருவி எடுத்தபோது அப்படியேதான் இருந்தது. சுமித்ராவுக்கும் தீனாவுக்கும் அவர் சொன்னது முழுசாகப் புரியவில்லை. நான்தான் தமிழில் சொன்னேன். குடலில் புண்ணாம், மருந்து கொடுக்கிறார்களாம் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய டாக்டர் போகாமல் நின்று, உங்கள் ஊரில் சமீபத்தில் ஆடு மாடு ஏதாவது செத்ததா என்று கேட்டார். தீனா என் பக்கம் திரும்பினான்.

"மாமா, உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க மாமா."

"அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மூன்று வார்த்தை. அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தங்கை நிற்கிறாள். நேற்றுத்தான் ஊரையே சாட்சிக்குக் கூப்பிட்டு எனக்காகப் பேசியிருக்கிறாள். வியாழக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்பாள். புதன்கிழமை ஏன் சொல்லவில்லை என்பாள். ஒவ்வொரு மணி நேரம் போகப் போக, சொல்வதற்கு வெட்கம் கூடிக்கொண்டே போனது, குறையவில்லை. நீங்கள் படித்தவர்கள், இது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அன்றைய காலை மாத்திரையை நான் இன்னும் போட்டிருக்கவில்லை. வராந்தாவில் கௌசிகாவின் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு வாய் ஊற்றி, சுவர்ப் பக்கம் திரும்பி விழுங்கினேன்.

சனிக்கிழமை மதியம் அவள் போய்விட்டாள். உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன என்றார்கள். தாய்மாமன் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். கோடிப் புடவை நான்தான் போர்த்தினேன். தீனா என் தோளில் சாய்ந்து, நீங்க இல்லைன்னா நாங்க என்ன மாமா செஞ்சிருப்போம் என்று அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

ஆந்த்ராக்ஸ் என்று பரிசோதனை முடிவு வந்ததும் சுகாதாரத் துறையிலிருந்து நீங்களெல்லாம் ஜீப்பில் வந்து, பதினான்கு வீட்டுக்கும் மாத்திரை கொடுத்தீர்கள். அப்போது உங்களோடு வந்த ஒருவர், அரை வேக்காட்டில் சாப்பிட்டதால்தான் இந்த அம்மாவுக்கு மட்டும் இப்படி ஆகியிருக்கும் என்று சுமித்ராவின் காது பட சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அன்றிலிருந்து அவள் அடுப்பு பற்ற வைப்பதில்லை. கன்னிகாதான் சோறு கொண்டு போகிறாள், குழந்தைக்குப் பால் கரைத்துக் கொடுக்கிறாள். நான் தினமும் கடை சாத்திவிட்டுப் போய் உட்காருகிறேன். இன்னும் கொஞ்சம் வேக வெச்சிருக்கணும் அண்ணா, நானே எம் பொண்ணுக்கு ஊட்டிட்டேன் என்று ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். உனக்கு எப்படித் தெரியும், விடும்மா என்று முதுகைத் தடவிக் கொடுக்கிறேன்.

முனுசாமி நேற்று ஸ்டேஷனில் உண்மையைச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. எழுத வேண்டும் என்று எனக்கு முன்பே இருந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சந்தேகம் வேறு, தெரிவது வேறு என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். அந்தக் கிடாவின் சுவரொட்டி உள்ளங்கை அளவு இல்லை. முழங்கை நீளம் இருந்தது. கறுத்து, வீங்கி, கையில் எடுத்தால் சேறு மாதிரி வழுக்கியது. அப்படியே தீனாவின் பாக்ஸில் வைத்தால் அவன் கேட்பான், கூட நிற்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தூக்கிப் போட்டுவிட்டு இல்லை என்று சொல்லலாம் என்றால், எட்டுப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன், நாலாவது ஞாயிறும் தாய்மாமன் ஏமாற்றிவிட்டான் என்றாகிவிடும். அதனால் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கட்டை மேல் வைத்து, இரண்டு பக்கமும் அரிந்து, வழக்கமான அளவுக்குக் கொண்டு வந்தேன். ஓரங்களை வளைவாக வெட்டினேன். பார்க்க நல்ல ஆட்டுச் சுவரொட்டி மாதிரியே இருந்தது. மீதியைத் தாளில் சுற்றிக் குழி தோண்டிப் புதைத்தேன். மேலே சுண்ணாம்பும் போட்டேன்.

கொன்றது நான்தான். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை என் தங்கைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தன்னால்தான் போனது என்று அவள் மனசை ஒரு மாதிரி தேற்றிக்கொண்டு வருகிறாள், இப்போது போய் அவள் நிம்மதியை எதற்குக் கெடுக்க வேண்டும்.